வகுப்பறைச் செயல்பாடுகளைத் தேடி, சலித்து, பொருத்துவது எப்படி? தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு ஒன்பது மணிக்கு யூடியூபைத் திறந்து "பின்னங்கள் செயல்பாடு" என்று அடித்தால், பத்தரைக்குள் பதினைந்து காணொளிகள் சேர்ந்துவிடும். மறுநாள் மூன்றாம் பீரியடுக்குக் கையில் எதுவும் இருக்காது. தேடுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வதால் வரும் வினை இது. இங்கே தேடல் நான்காவது படியாகத்தான் வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே வகுப்பைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, நான்காம் வகுப்பு, 32 பிள்ளைகள், 40 நிமிட பீரியட், கணக்கில் பின்னம். மற்ற பாடங்களுக்கும் வரிசை இதேதான்.

1. பாடத் தலைப்பை விட்டுவிட்டு, பிள்ளையின் பிழையை எழுதுங்கள்

ஒரு துண்டுத்தாளில் ஒரே வரி எழுதுங்கள். "பின்னம்" என்று எழுதினால் தேடலுக்கு எல்லையே இருக்காது. "4-ஐவிட 8 பெரியது, அதனால் 1/4-ஐவிட 1/8 பெரியது என்கிறார்கள்" என்று எழுதினால் பாதித் தேடல் அங்கேயே முடிந்தது.

இந்த வரியை யோசித்து எழுத வேண்டாம், நோட்டுகளிலிருந்து எடுங்கள். தவறான விடை உள்ள பத்து நோட்டுகளைப் பிரித்து வைத்து, ஒரே மாதிரித் தவறுகளைச் சேர்த்துப் பாருங்கள். பின்னத்தில் அடிக்கடி வருபவை மூன்று. கீழே உள்ள எண் பெரிதானால் பின்னமும் பெரிது என்பது ஒன்று. நான்கு துண்டு இருந்தாலே போதும், சமமாக இல்லாவிட்டாலும் அது கால்தான் என்பது இரண்டாவது. மூன்றாவது, 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்பது.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. கேக் வெட்டிப் பங்கிடும் காணொளி இரண்டாவது பிழைக்கு உதவும். மூன்றாவதற்கு அதை எத்தனை முறை காட்டினாலும் பயனில்லை. பாடக்குறிப்பில் எழுத வேண்டிய கற்றல் விளைவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பிழை தெரிந்துவிட்டால் அது தானாகவே பொருந்தும்.

2. கைக்கணக்கு

தேடும் முன் இந்த எண்கள் தாளில் இருக்க வேண்டும்: வழக்கமாக வருகிற பிள்ளைகள் (பதிவேட்டில் உள்ளவர்கள் அல்ல), உண்மையில் கிடைக்கும் நிமிடங்கள், கத்தரிக்கோல்கள், அளவுகோல்கள், இணையம் வருகிற போன்கள்.

40 நிமிடத்தில் உட்காரவும் பொருளைப் பிரித்துக் கொடுக்கவும் 5, திரும்ப வாங்கிப் பெருக்க 5 போய்விடும். மிச்சம் 30. காணொளியில் "பத்து நிமிடத்தில் செய்யலாம்" என்று சொல்பவர் தனியாகச் செய்கிறார். பிள்ளைகள் செய்ய அதைப்போல் மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் மறந்துபோவது கத்தரிக்கோல் எண்ணிக்கைதான். 32 பேருக்கு 4 கத்தரிக்கோல் என்றால் எட்டுப் பேருக்கு ஒன்று. ஒருவர் வெட்டும்போது ஏழு பேர் சும்மா இருப்பார்கள், சத்தம் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே பிள்ளைகள் வெட்டும் செயல்பாடுகளைத் தேடும்போதே தள்ளிவிட்டு, மடிப்பது, கிழிப்பது, அடுக்குவது, அளப்பது ஆகியவற்றை மட்டும் பாருங்கள்.

3. இணையத்துக்கு முன் அலமாரி

பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள். கணித உபகரணப் பெட்டியும் பிள்ளைகள் தாங்களே செய்து கற்கத் தந்த பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகளும் பல பள்ளிகளில் உறை பிரிக்காமலே கிடக்கின்றன. 1 முதல் 3 வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களையும் புரட்டுங்கள். நான்காம் வகுப்பில் இருந்தாலும் வாசிப்பில் தொடக்க நிலையான அரும்பிலேயே நிற்கும் பிள்ளைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த அந்தத் தாள்கள் நேரே பொருந்தும்.

அடுத்து, காசில்லாமல் கிடைப்பவை: புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, சோடா மூடி, காலித் தீப்பெட்டி. பெற்றோரிடம் கேட்பதானால் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். "நாளைக்குக் கொண்டு வாங்க" என்றால் பாதிப் பேர்தான் கொண்டுவருவார்கள், மீதிப் பேர் அன்று முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மொழியும் ஓர் உபகரணம்தான். நம் பிழைக்கான விடை தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. 1/8-க்குப் பெயர் அரைக்கால். காலில் அரை. 1/16 மாகாணி. "எட்டில் ஒன்று" என்று சொல்லும்போது பிள்ளையின் காதில் எட்டு விழுகிறது, "அரைக்கால்" என்னும்போது பாதியானது விழுகிறது. எந்தச் செயல்பாட்டை எடுத்தாலும் இந்தச் சொற்களோடு சேர்த்து நடத்தலாம்.

4. எங்கே தேடுவது, எந்த வரிசையில்

உங்கள் பாடத்துக்கு நெருக்கமானதில் தொடங்கி வெளியே போங்கள். வெளியே போகப் போகப் பொருத்தும் வேலை கூடும்.

முதலில் பாடநூலிலேயே இருக்கும் க்யூஆர் குறியீடு. 2017-இல் தொடங்கிய, அரசின் கற்றல் வளத் தளமான திக்‌ஷாவுக்கு அது கொண்டுபோகும். அச்சு மங்கி ஸ்கேன் ஆகாவிட்டால், குறியீட்டின் கீழே உள்ள ஆறு எழுத்து-எண்களைச் செயலியின் தேடல் பெட்டியில் அடித்தாலும் அதே பக்கம் திறக்கும். இது தெரியாமல் "க்யூஆர் வேலை செய்யல" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வேண்டியதை முந்தின நாளே பதிவிறக்கி வையுங்கள். மாநிலப் பாடத்திட்டக் காணொளிகளுக்கு மணற்கேணி செயலியும் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கமும் உண்டு. இவை பாடத்தை விளக்கும். செயல்பாட்டு யோசனை இவற்றில் குறைவு.

தமிழ் வாசிப்புக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இத்தளத்தில் கதைகள் வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைக்கப்பட்டுள்ளன. வகுப்பு எண்ணும் நிலை எண்ணும் ஒன்றல்ல. மூன்றாம் வகுப்பு என்பதால் நிலை 3-ஐ எடுத்துப் பலர் தடுமாறுகிறார்கள். நிலை 1-இல் தொடங்கி, ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்குகிற இடத்துக்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

அறிவியல் பொம்மைகளுக்கு, கழிவுப் பொருளில் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் தளம். பழைய செய்தித்தாள், ஸ்ட்ரா, தீக்குச்சி ஆகியவற்றால் செய்பவை, குறும்படங்கள் பல தமிழிலும் உண்டு. கணினித் திரையில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியவற்றுக்கு, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் (திரையிலேயே இயக்கிப் பார்க்கும் சோதனைகள்). ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், சில தமிழிலும் கிடைக்கும்.

இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. தமிழ்வழிப் பாடநூல்களும் பயிற்சிகளும் அங்கே உள்ளன. அச்சில் வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான துளிரின் தொகுப்புகள்.

யூடியூபும் பின்ட்ரெஸ்டும் கடைசியில். அங்கே பாதிக்கு மேல் புகைப்படத்துக்காகச் செய்யப்பட்ட சார்ட்டுகள்.

தேடலுக்கு ஒரு வரம்பும் வையுங்கள்: 40 நிமிடம் அல்லது மூன்று யோசனைகள், எது முதலில் வருகிறதோ அத்துடன் நிறுத்துங்கள். நாலாவது யோசனை எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.

5. எந்தச் சொல்லைப் போடுவது

தலைப்புச் சொல்லோடு பொருளையும் சேர்த்துப் போடுங்கள். "பின்னம் செயல்பாடு" என்பதைவிட "பின்னம் காகித மடிப்பு" நல்ல விடை தரும். ஆங்கிலத்திலும் ஒருமுறை தேடுங்கள். யோசனையை அங்கே எடுத்து, சொற்களைத் தமிழில் நீங்கள் அமைத்துக்கொள்ளலாம்.

இலங்கை வளங்களுக்கு அங்குள்ள கலைச்சொல்லைப் போட்டால்தான் கிடைக்கும். நம் ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு. செல் அங்கே கலம். வேதியியல் இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல். எடுத்ததை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் சொல்லைத் திருப்பி மாற்ற மறக்காதீர்கள், தேர்வில் பிள்ளை குழம்பும்.

பயிற்சித்தாள் மட்டும் வேண்டுமென்றால், தேடல் சொல்லுக்குப் பின் ஃபைல்டைப் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் பிடிஎஃப் என்று அடியுங்கள் (filetype:pdf). காணொளிகளும் விளம்பரங்களும் விலகிவிடும்.

இறக்கிய பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்த ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அத்தகைய கோப்பு தமிழ்த் தேடலிலும் சிக்காது. எழுத்துரு மாற்றியில் போட்டு, எங்கும் படிக்கக்கூடிய ஒருங்குறியாக (யூனிகோடு) மாற்றலாம். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள், எழுத்துகளைப் பிரித்துத் தரும். ர, ா இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கும் இடங்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

6. மூன்று நிமிடச் சலிப்பு

கிடைத்த ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளில் சலியுங்கள்.

யாருடைய கை வேலை செய்கிறது? ஆசிரியர் செய்ய, 32 பேர் பார்ப்பது செயல்பாடு ஆகாது.

புரியாமலே சரியான விடை சொல்ல முடியுமா? முடியும் என்றால் தள்ளுங்கள். பின்ன அட்டைகளில் அரைக்குச் சிவப்பு, காலுக்கு மஞ்சள், அரைக்காலுக்கு நீலம் என்று வண்ணம் கொடுப்பது வழக்கம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளை "சிவப்பு பெரிசு" என்று விடை சொல்லும், எண்ணையே பார்க்காது. முதல்முறை நடத்தும்போது எல்லாம் ஒரே வண்ணத்தில் இருக்கட்டும்.

பாடப்பொருள் சரியா? அதிகம் பகிரப்படுபவற்றில்தான் தவறு அதிகம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையைப் பாருங்கள். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று விளக்கம் சொல்வார்கள். சுடர் காற்றைச் சூடாக்கி விரியச் செய்கிறது, கொஞ்சம் காற்று குமிழியாக வெளியேறுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மூன்று மெழுகுவத்தி வைத்துப் பாருங்கள், டம்ளர் அதே டம்ளர்தான், தண்ணீர் கூடுதலாக ஏறும். "செடிகள் இரவில் மட்டும் சுவாசிக்கும்" என்பது இன்னொன்று. அவை 24 மணி நேரமும் சுவாசிக்கின்றன.

உரிமம் என்ன? ஸ்டோரிவீவரும் ஃபெட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகின்றன. பெயரைக் குறிப்பிட்டு அச்சடிக்கலாம், மாற்றலாம். மற்றவற்றை வகுப்பில் கற்பிப்பதற்காக நகலெடுப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதையே உங்கள் யூடியூப் பக்கத்தில் ஏற்றுவது வேறு விஷயம்.

7. அளவுக்குப் பொருத்துங்கள்

பெரும்பாலும் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். தேடிக் கிடைத்தது யோசனை மட்டுமே. அதை நம் 32 பேருக்கும் 30 நிமிடத்துக்கும் அளவெடுக்க வேண்டும்.

சலித்த பின் நம் பிழைக்கு நின்றது காகிதப் பட்டை மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பட்டை ஏன்? வட்டத்தை மூன்றாக்க முடியாமல் பிள்ளைகள் திணறுவார்கள். பட்டையை அளவுகோலாலேயே பிரிக்கலாம்.

நீளம் 24 செ.மீ. வையுங்கள். 24 என்பது 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் வகுபடும், எங்கும் தசமம் வராது. ஏ4 தாளின் முழு நீளம் 29.7 செ.மீ. அப்படியே எடுத்தால் மூன்றில் ஒன்று 9.9 ஆகி, அளவுகோல் பிடிக்கும் பிள்ளை அங்கேயே நிற்கும். அகலம் 3 செ.மீ. தாளின் அகலம் 21 என்பதால் ஒரு தாளில் சரியாக ஏழு பட்டைகள், அகலத்தில் சேதமில்லை.

இருவருக்கு ஒரு தொகுப்பு: முழுசு, அரை, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று என ஐந்து பட்டை. 16 சோடிக்கு 80. தாள் 12 எடுத்தால் 84 வரும், நாலு கிழிந்தாலும் கவலையில்லை. நான்கு நான்காக அடுக்கி, இரண்டு கிளிப் போட்டு, மேல்தாளில் கோடு கிழித்து வெட்டுங்கள். நாலுக்கு மேல் அடுக்கினால் கத்தரிக்கோல் அடித்தாளைத் தள்ளிவிடும், பட்டைகள் கோணலாகும். "என் அரை உன் அரையைவிடப் பெரிசு" என்ற சண்டை அங்கிருந்துதான் வரும்.

சாதாரண நகலெடுக்கும் தாளே போதும். சார்ட் தாளை மூன்று முறை மடித்தால் தடிமன் காரணமாக விளிம்பு நகர்ந்து எட்டுப் பகுதியும் சமமாக வராது.

ஒரு பொருள் கிடைக்காவிட்டால் மாற்றலாம். அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி வடிவங்களில் சைக்கிள் வால்வு டியூப் வருகிறது. அதன் வேலை, குச்சியைப் பிடித்துக்கொண்டே மூட்டை அசையவிடுவது. இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும் அந்த வேலையைச் செய்யும்: சதுரம் சாயும், முக்கோணம் அசையாமல் நிற்கும். ஆனால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். கடலை காய்ந்தால் மூட்டு இறுகி, மறுநாள் சதுரமும் முக்கோணம் போலவே நிற்கும். காட்ட வந்ததே போய்விடும்.

8. ஒத்திகை

ஒரு தொகுப்பை நீங்களே செய்து பாருங்கள், நேரம் குறித்துக்கொண்டு. பிறகு மதிய உணவு நேரத்தில் மூன்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், முதல் படியில் எந்த நோட்டுகளில் பிழை எடுத்தீர்களோ அவர்களையே கூப்பிடுங்கள். எந்த அறிவுரையில் அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்களோ, அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

9. வகுப்பில்

எல்லாருக்கும் அறிவுரை சொன்ன பிறகே பட்டையைக் கொடுங்கள். கையில் தாள் வந்துவிட்டால் காது மூடிவிடும்.

முழுப் பட்டையை மேசை விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவதை ஒருமுறை மடித்து அரை. மூன்றாவதை இருமுறை மடித்து கால். நான்காவதை மும்முறை மடிக்கச் சொல்லி, பிரிக்கும் முன் நிறுத்துங்கள்: "திறந்தா எத்தனை இருக்கும்?" 2, 4-க்குப் பிறகு 6 என்று பல குரல் வரும். திருத்தாதீர்கள். திறந்து எண்ணட்டும். எட்டைக் கண்டதும் வருகிற ஆச்சரியத்தை விளக்கம் சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

இப்போது ஒவ்வொன்றையும் மடித்து ஒரு பகுதி மட்டும் தெரியும்படி, இடப்பக்க விளிம்பு ஒட்டி அடுக்கச் சொல்லுங்கள். விளிம்பு ஒட்டாவிட்டால் ஒப்பிடவே முடியாது. சோடிகளைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். பிறகு கேள்வி: "எட்டு பெரிய எண். துண்டு ஏன் சின்னதாப் போச்சு?" பத்து நொடி காத்திருங்கள். "நிறையப் பேருக்குப் பங்கு போட்டா கொஞ்சம்தானே கிடைக்கும், டீச்சர்" என்று எங்கிருந்தாவது வரும். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள்.

மூன்றில் ஒன்று கடைசியில். இதை மடிக்க விடாதீர்கள், 8 செ.மீ.-க்கு ஒரு குறி என்று அளவுகோலால் அளக்கட்டும். கண்மட்டத்துக்கு மடித்தால் ஒரு பகுதி ஏழரை, இன்னொன்று எட்டரை என்று போய், சமமில்லாத துண்டையே மூன்றில் ஒன்று என்று மனதில் பதித்துக்கொள்வார்கள். அளக்கும் முன், 1/3 காலைவிடப் பெரிதா, சிறிதா என்று ஊகிக்கச் சொல்லுங்கள்.

பட்டைகளை வாங்கி வைத்தபின் துண்டுத்தாளில் ஒரே கேள்வி: 1/5, 1/9 எது பெரியது, ஏன்? இந்த எண்கள் பட்டையில் இல்லாததுதான் காரணம். பார்த்ததை நினைவில் வைத்துச் சொல்கிறார்களா, கருத்தைப் பிடித்தார்களா என்பது இதில் தெரியும். "ஏன்" என்ற இடத்தில் எழுத்துத் தடுமாறும் பிள்ளை படம் வரையட்டும். தாள்களைச் சரி, விடை சரி காரணம் தவறு, தவறு என்று மூன்று குவியலாக்குங்கள். கடைசிக் குவியலில் பத்துக்கு மேல் இருந்தால் மறுநாள் வேறு பொருளோடு, தண்ணீர் பாட்டிலும் டம்ளர்களும் வைத்து, வகுப்பு முழுமைக்கும் மீண்டும் நடத்துங்கள். ஐந்தாறு பேர் என்றால் அவர்களை மட்டும் தனியே உட்காரவைத்தால் போதும்.

10. சேமிப்பு

வாட்ஸ்அப் குழுவில் போட்டதைச் சேமித்ததாக நினைக்காதீர்கள். போன் மாறும், கோப்பு காலாவதியாகும். தேடினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எங்கோ இருக்கும். டிரைவில் வகுப்பு வாரியாக ஓர் உறை போதும். கோப்பின் பெயரில் வகுப்பு, பாடம், பிழை மூன்றும் இருக்கட்டும்: "4-கணக்கு-கீழெண் பெரிதென்றல்-பட்டை". முதல் படியில் எழுதிய வரிதான் கடைசியில் கோப்பின் பெயராகிறது.

கூடவே மூன்று வரிக் குறிப்பு: எத்தனை தாள் ஆனது, எந்த நிமிடத்தில் வகுப்பு சிதறியது, அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும். அன்றைக்கே எழுதுங்கள். சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பகிர்வதானால் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை விட்டுவிட்டு, மேசைமேல் அடுக்கிய பட்டைகளின் படத்தையும் இந்த மூன்று வரியையும் கொடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு வேண்டியது அவ்வளவுதான். பட்டைகளைச் சோடி சோடியாகக் கிளிப் போட்டுப் பழைய அழைப்பிதழ் உறைகளில் வையுங்கள். ரப்பர் பேண்ட் வெயிலில் இளகித் தாளில் ஒட்டிக்கொள்ளும்.